மேடு பள்ளத்தில் நிற்கும் மரமேடை



தினைப்புனம் காத்த வள்ளி எங்கே நின்று கிளி விரட்டினாள் என்று கேட்டால், கதை கேட்டு வளர்ந்த எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும்: பரண் மேல் நின்று. மலைச்சரிவில் நாலு கால் நட்டு, அவற்றின்மேல் கழிகளைப் பரப்பி, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு மட்டமாகக் கட்டிய மேடைதான் பரண். பரண் போடுவதற்காக யாரும் மலையை வெட்டிச் சமப்படுத்தவில்லை. சரிவு சரிவாகவே இருந்தது. கால்களில் ஒன்று நெட்டையாக, ஒன்று குட்டையாக இருந்தது. மேலே நின்றவளுக்கு மட்டும் தரை மட்டமாக இருந்தது.

சிங்கப்பூரின் தரைவீட்டுத் தோட்டங்களில் இன்று போடப்படும் மரமேடை, 'டெக்' என்று கடைக்காரர்கள் சொல்வது, அந்தப் பரணுக்கு நெருங்கிய உறவுதான். தீபாவளிக்கு வரும் விருந்தினர் அமர, பேரப்பிள்ளைகள் ஓடி விளையாட, மாலையில் தாத்தா பாட்டி தேநீர் குடிக்க ஓர் இடம். ஆசை நியாயமானது. ஆனால் தோட்டம் மேடும் பள்ளமுமாக இருந்தால் என்ன செய்வது? அந்த மேடை பத்து ஆண்டு கழித்தும் அசையாமல் நிற்க என்ன வேண்டும்? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். மேடையின் உறுதி கண்ணுக்குத் தெரியும் பலகையில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மூன்றில் இருக்கிறது: எடைக் கணக்கு, தூணுக்கு அடியில் உள்ள மண், மழைநீர் போகும் வழி.

பெயரிலேயே மேடு, பெயரிலேயே பள்ளம்

சிங்கப்பூர் தட்டையான ஊர் என்று பலர் நினைக்கிறார்கள். ஊர்ப்பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். புக்கிட் தீமா, புக்கிட் பாத்தோக், புக்கிட் பாஞ்சாங், புக்கிட் மேரா. 'புக்கிட்' என்றால் மலாய் மொழியில் குன்று. இவற்றில் புக்கிட் தீமா குன்று சுமார் 164 மீட்டர் உயரம். நாட்டிலேயே உயரமான இயற்கைக் குன்று அதுதான்.

பள்ளத்துக்கும் பெயர் சாட்சி சொல்கிறது. லிட்டில் இந்தியாவில் பஃபலோ சாலை இருக்கிறது, கெர்பாவ் சாலை இருக்கிறது. இரண்டுக்கும் பொருள் எருமை. எருமைப்பட்டி என்று பொருள்படும் 'கண்டாங் கெர்பாவ்' என்ற பெயர்தான் கேகே மருத்துவமனையின் பெயரில் இன்றும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தில் மாட்டு வணிகம் செழித்ததற்குக் காரணம் தண்ணீரும் புல்லும். தாழ்வான, ஈரமான, சதுப்பான நிலம். மாடு மேய நல்ல இடம்; தூண் ஊன்றச் சிரமமான இடம்.

இன்னொரு சுவையான செய்தி. தேக்கா என்ற பெயரைக் கேட்டால் தேக்கு மரம் நினைவுக்கு வரலாம். அந்தப் பெயரில் தேக்கு இல்லை. ஹொக்கியன் மொழியில் மூங்கிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. ரோச்சோர் கால்வாய்க் கரையில் ஒரு காலத்தில் மூங்கில் வளர்ந்திருந்தது.

பழைய கடைவீடுகளின் அஞ்சடியில் நடந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒரு கடையின் தரை அடுத்த கடையின் தரையைவிட ஒரு படி ஏறியிருக்கும். அதற்கு அடுத்தது அரைப்படி இறங்கியிருக்கும். பார்வைக்கு ஒரே மட்டமாகத் தெரியும் தெரு, கால் வைத்தால்தான் உண்மையைச் சொல்லும். தோட்டமும் அப்படித்தான்.

மண் இடத்துக்கு இடம் மாறுகிறது. தீவின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் கருங்கல்லும், அது சிதைந்து உண்டான செம்மண்ணும் உள்ளன. மேற்கிலும் தென்மேற்கிலும் படிவுப்பாறை. கிழக்கில் இறுகிய பழைய வண்டல். காலாங், ரோச்சோர் போன்ற ஆற்றுப் படுகைகளிலும் கடலோரத்திலும் மென்மையான கடல்களிமண். ஆகவே உறவினர் வீட்டில் நிற்கிற மேடையை அப்படியே பார்த்து இன்னொரு வீட்டில் போட முடியாது. அங்கே உள்ள மண் வேறு, இங்கே உள்ள மண் வேறு.

ஓவன் சாலை முனையில் நடந்தது

எடைக் கணக்குக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் நடந்த ஒரு துயரம் அதற்குப் பதில் சொல்லும்.

1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, சனிக்கிழமை. நேரம் காலை பதினொன்றரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹோட்டல் நியூ வோர்ல்டு இருந்த ஆறு மாடி லியான் யாக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்து விழுந்தது. 33 பேர் உயிரிழந்தார்கள். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள். அப்போது பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு வல்லுநர்களும் ஓடி வந்து, இடிபாடுகளுக்கு அடியில் வழி குடைந்து மீட்புப் பணியில் உதவினார்கள். அந்த நாட்களைக் கண்ட பெரியவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை.

காரணம் என்ன? எரிவாயு வெடித்ததா, சுரங்கப் பணியால் நிலம் அசைந்ததா என்றெல்லாம் ஆராயப்பட்டது. விசாரணை ஆணையம் கண்டறிந்த காரணமோ எளிமையானது, அதனால்தான் அதிர்ச்சியானது. கட்டடத்துக்குள் வந்துபோகும் மனிதர்கள், சாமான்களின் எடை கணக்கில் இருந்தது. கட்டடத்தின் சொந்த எடை கணக்கில் இல்லை. தூண்கள் தொடக்கத்திலிருந்தே பலம் குறைந்தவை. அவற்றின்மேல் பிற்பாடு கூடுதல் பாரமும் ஏறியது. 1971இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் 15 ஆண்டு நின்றது, பிறகு நிற்கவில்லை. விழுவதற்கு முன்பே தூண்களில் விரிசல் கண்டது.

அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 1989ஆம் ஆண்டின் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போடும் கணக்கைத் தொடர்பில்லாத இன்னொருவர் சரிபார்க்கும் முறையும், கட்டி முடித்த கட்டடங்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதிக்கும் முறையும் நடைமுறைக்கு வந்தன.

ஆறு மாடிக் கட்டடத்துக்கும் வீட்டுத் தோட்டத்து மேடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அளவு வேறு, பாடம் ஒன்றே. மேடை போடுபவர் பெரும்பாலும் விருந்தாளிகளை மட்டுமே எண்ணுகிறார். மேடையை எண்ணுவதில்லை.

மேடைக்கும் எடை உண்டு

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள மேடை. பரப்பு 12 சதுர மீட்டர். தீபாவளியன்று 30 பேர் வந்து நின்றால், ஆளுக்கு 65 கிலோ வைத்தாலே 1,950 கிலோ. மேசை, நாற்காலி, சாப்பாட்டுப் பாத்திரங்களையும் சேர்த்து, பாதுகாப்பாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்துக்கொண்டால் 2,400 கிலோ.

இனி மேடையின் சொந்த எடை. பாலாவ் போன்ற கனமான மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் இருக்கும். 25 மில்லிமீட்டர் பலகை, அதைத் தாங்கும் சட்டங்கள், உத்திரங்கள், கைப்பிடி எல்லாம் சேர்ந்து சுமார் 500 கிலோ.

அடுத்து பூந்தொட்டி. மல்லிகை, கறிவேப்பிலை, துளசி வைக்க நாலு நீண்ட தொட்டிகள். ஒவ்வொன்றும் 1 மீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம். மழையில் ஊறிய மண் கன மீட்டருக்கு 1,800 கிலோ இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு தொட்டி 360 கிலோ, நாலும் சேர்ந்து 1,440 கிலோ.

மேடையும் தொட்டியும் சேர்ந்தால் ஏறத்தாழ 2 டன். விருந்தாளிகளை மட்டும் எண்ணியவர் 2,400 கிலோ என்று கணக்குப் போட்டார். உண்மையில் மண் சுமக்கப்போவது 4,400 கிலோ. கிட்டத்தட்ட பாதியை மறந்துவிட்டார்.

இன்னொரு நுட்பம் உண்டு. ஒன்பது தூண்களை வரிசைக்கு மூன்றாக நட்டால், எடை ஒன்பதாகச் சமமாகப் பிரியும் என்று தோன்றும். அப்படி இல்லை. ஒவ்வொரு தூணும் பக்கத்துத் தூண்வரை உள்ள தூரத்தில் பாதியைச் சுமக்கும். மூலைத்தூணுக்கு மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 275 கிலோ. நடுத்தூணுக்கு நாலில் ஒரு பங்கு, அதாவது 1,100 கிலோ. மூலைத்தூணைப் போல நாலு மடங்கு! பல மேடைகள் நடுவில் குழிவது இதனால்தான். வெளியே தெரியும் ஓரத்தூண்களைப் பருமனாகப் போட்டுவிட்டு, உள்ளே மறைந்திருக்கும் நடுத்தூணில் சிக்கனம் பார்ப்பது பெரிய தவறு.

தொட்டிகளை மேடைக்கு வெளியே நேரடியாகத் தரையில் வைத்தால் 1,440 கிலோ ஒரே நாளில் குறைந்துவிடும். செலவில்லாத வழி இது.

மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

அந்த 1,100 கிலோ மண்ணில் எப்படி இறங்குகிறது என்பது அடுத்த கேள்வி. கூரான குதிகால் செருப்பு புல்லில் புதைகிறது. தட்டையான செருப்பு புதைவதில்லை. ஆள் ஒருவர்தான், எடை ஒன்றுதான். பரவும் பரப்புதான் வேறு. தூணுக்கும் அதே விதி.

தூணுக்கு அடியில் 30 சென்டிமீட்டர் சதுரத்தில் கான்கிரீட் போட்டால், மண்மீது சதுர மீட்டருக்கு 12 டன் அழுத்தம் விழும். அதையே 45 சென்டிமீட்டர் சதுரமாக அகட்டினால் அழுத்தம் ஐந்தரை டன்னுக்குக் குறைந்துவிடும். கான்கிரீட்டின் எடையையும் சேர்த்தால் இரண்டும் இன்னும் சற்றுக் கூடும். மென்மையான களிமண்ணுக்கு ஏழரை டன்னுக்கும் குறைவாகவே பொறியாளர்கள் அனுமதிப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு சாண்கூடக் கூட்டவில்லை. ஆனால் புதையும் மேடைக்கும் நிற்கும் மேடைக்கும் உள்ள வித்தியாசம் அதில் இருக்கிறது.

மண் எப்படிப்பட்டது என்று அறிய முதல் சோதனைக்குக் கட்டைவிரல் போதும். தூண் வரும் இடத்தில் குழி தோண்டி, அடிமண்ணில் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் மென்மையான மண். அங்கே பொறியாளர் சொல்லாமல் எதையும் ஊன்றக்கூடாது. பலமாக அழுத்தினால்தான் பதிகிறது என்றால் ஓரளவு உறுதி. நகம் மட்டும் கீறுகிறது என்றால் நல்ல கெட்டி மண். ஒரே குழியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேட்டுப் பக்கத்தில் ஒன்று, பள்ளத்துப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று தோண்டுங்கள்.

காரணம், சரிவான இடத்தில் கட்டிய பல வீடுகளில் மேட்டை வெட்டிய மண்ணையே பள்ளத்தில் கொட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். மேலே புல் ஒரே பச்சையாகத் தெரியும். ஆனால் பாதி வெட்டிய நிலம், பாதி கொட்டிய நிலம். வெட்டிய பக்கம் அசையாது. கொட்டிய பக்கம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். முழு மேடையும் சேர்ந்து ஓர் அங்குலம் இறங்கினால் பெரிய தீங்கில்லை. ஒரு பக்கம் நின்று மறுபக்கம் இறங்கினால்தான் ஆபத்து: சட்டம் முறுக்கும், ஸ்குரூ பிடுங்கும், பலகை பிளக்கும். கொட்டிய மண் இருந்தால், அதைக் கடந்து அடியில் உள்ள பழைய மண்ணைத் தொடும்வரை குழி போக வேண்டும். குழியில் கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, பிளாஸ்டிக் பை தட்டுப்பட்டால் அது கொட்டிய மண் என்பதற்கு நிச்சயமான அடையாளம்.

தரையை அல்ல, தூணைச் சமப்படுத்துங்கள்

இனி வேலைக்கு வருவோம். பள்ளத்தை மண் போட்டு நிரப்பி, தரையைச் சமமாக்கிவிட்டு அதன்மேல் மேடை போடலாம் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். புதிதாகக் கொட்டிய மண் தணியும், மழைநீரின் பழைய வழி அடைபடும், அந்த நீர் அடுத்த வீட்டுக்குப் போகும். பரண் கட்டியவரின் அறிவையே பின்பற்றுங்கள். தரை இருந்தபடி இருக்கட்டும். தூணின் உயரம் மாறட்டும்.

மலாய்க் கம்பத்து வீடுகளும் இதையே சொல்கின்றன. கால்கள்மேல் நிற்கும் அந்த வீடுகளில் மரத்தூணை மண்ணில் புதைப்பதில்லை. கல் அல்லது கான்கிரீட் பீடத்தின்மேல் நிறுத்துவார்கள். வெள்ளம் வந்தால் அடியில் ஓடிவிடும். ஈரம் மரத்தைத் தொடாது.

வரிசை இதுதான். முதலில் ஆப்பு அடித்து நூல் பிடிக்க வேண்டும். மூலை சரியா என்று பார்க்க, ஒரு பக்கம் 3 மீட்டரும் மறுபக்கம் 4 மீட்டரும் அளந்து குறியிடுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 5 மீட்டர் இருந்தால் மூலைமட்டம் சரி.

அடுத்து உயரம். சரிவில் கண் ஏமாற்றும். நம் ஊர்க் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலைவிடச் சிறந்த கருவி இதற்கு இல்லை. கண்ணாடிபோல் தெரியும் நீண்ட ரப்பர்க் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மேட்டுத்தூணிலும் மறுமுனையைப் பள்ளத்துத்தூணிலும் பிடித்தால், இரண்டு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருக்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அந்த நீர்மட்டத்தில் குறி போட்டு, தூண்களை அந்தந்தக் குறியில் வெட்டினால் மேலே உத்திரம் மட்டமாக உட்காரும். பக்கத்துப் பக்கத்துத் தூண்களுக்கு ரசமட்டம் போதும். நட்ட தூண் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு.

குழியின் அடிப்பாகம் சரிவோடு சரிவாக இருக்கக்கூடாது. தரை எவ்வளவு சாய்ந்திருந்தாலும் ஒவ்வொரு குழியின் அடியும் தட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட் மெல்ல வழுக்கி இறங்கும். பள்ளத்துப் பக்கக் குழிகள் இன்னும் ஆழமாக இருக்கட்டும். சரிவின் விளிம்பை ஒட்டி இருக்கும் மண்ணுக்கு முட்டுக்கொடுக்க வெளியே எதுவும் இல்லை.

கான்கிரீட்டின்மேல் துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கி பொருத்தி, தூணை அதில் நிறுத்தி போல்ட் போடுங்கள். மரத்துக்கும் தரைக்கும் நடுவே காற்றோட்டமான இடைவெளி வேண்டும். கடலோர வீடுகளில் துருப்பிடிக்காத எஃகு நல்லது.

பள்ளத்துப் பக்கத்து நெட்டைத் தூண்களுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. கீழ்நோக்கிய எடையை அவை தாங்கும். பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்காது. பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து ஆடினால் மேடை ஊஞ்சலாகும். தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையில் மூலைவிட்டமாகச் சாய்வுச் சட்டம் பொருத்தினால் அந்த ஆட்டம் நின்றுவிடும். முக்கோணம் நெளியாது, நாற்கரம் நெளியும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான்.

மேடைக்கும் கீழ்த்தரைக்கும் 1 மீட்டர் வித்தியாசம் இருந்தால் தடுப்புக் கைப்பிடி கட்டாயம். அதன் உயரம் குறைந்தது 1 மீட்டர் இருக்க வேண்டும். கம்பிகளுக்கு இடையே சின்னக் குழந்தையின் தலை நுழையும் இடைவெளி கூடாது.

தண்ணீர், கரையான், கொசு

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. வெட்டவெளியில் நிற்கும் மரத்துக்கு மழையைவிட, மழைக்குப் பிறகு தங்கும் ஈரம்தான் எதிரி. பலகைக்கும் பலகைக்கும் இடையே 5 அல்லது 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் நீர் உடனே இறங்கும், மரமும் உப்பிச் சுருங்க இடம் கிடைக்கும்.

நீர் தேங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் கண்ட உதாரணம் உண்டு. 2015ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி அமெரிக்காவின் பெர்க்லி நகரில், பிறந்தநாள் விருந்துக்கு மாணவர்கள் கூடியிருந்த மாடிமுகப்பு ஒன்று முறிந்தது. ஆறு பேர் உயிரிழந்தார்கள், ஏழு பேர் காயமடைந்தார்கள். மாடிமுகப்பைத் தாங்கிய மரச்சட்டங்கள் உள்ளே புகுந்த ஈரத்தால் உளுத்துப்போயிருந்தன. மேலே நின்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆகவே மேடையை வீட்டுச் சுவரோடு ஆணியடித்துத் தொங்கவிடாதீர்கள். சுவருக்கும் மரத்துக்கும் இடையே ஈரம் தங்கும், ஆணி நாளடைவில் கழன்றுவரும். சுவர்ப் பக்கத்திலும் தனித்தூண் கொடுத்து, சற்று விலக்கி நிறுத்துவது பாதுகாப்பு.

அடுத்தது கரையான். சிங்கப்பூரில் மண்ணுக்கு அடியிலிருந்து ஏறிவரும் கரையான்கள் அதிகம். மண்ணைத் தொடும் மரம் அவற்றுக்கு ஏணி. பாலாவ், செங்கால் போன்ற கனமான மரங்கள் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் இரும்புத் தாங்கியின் மேல் நிற்கும் தூணுக்கே கூடுதல் பாதுகாப்பு: கரையான் மண்பாதை கட்டி ஏறினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது கொசு. 2020ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோர் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். மேடைக்கு அடியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வேலையாட்கள் விட்டுப்போன ஒரு டப்பா, கான்கிரீட் திட்டின் மேல் உள்ள ஒரு குழிவு போதும். அடியில் உள்ள தரையை வடிகாலை நோக்கிச் சற்றுச் சாய்த்து, சரளைக்கல் பரப்பி, ஓர் ஆள் தவழ்ந்து போகும் வழியோ, கழற்றி மாட்டும் பலகையோ வைத்துவிடுங்கள். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வந்தால், மேடைக்கு அடியிலும் பார்ப்பார்கள்.

காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் பாடம்

மேடு பள்ளத்தில் எப்படி மேடை போடுவது என்பதைப் பார்க்க விரும்புபவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெற்கு மலைத்தொடர் பூங்காப் பாதைக்குப் போகலாம். மவுண்ட் ஃபேபர் பூங்காவையும் தெலுக் பிளாங்கா மலைப் பூங்காவையும் இணைக்கும் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் 2008இல் திறக்கப்பட்டது. நீளம் 274 மீட்டர். சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரம். நடக்கும் தளம் பாலாவ் மரம், தாங்குவது எஃகு. எல்லாரும் மேலே நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் ஒருமுறை கீழே சாலையில் நின்று, தூண்கள் எங்கே இறங்குகின்றன என்று அண்ணாந்து பாருங்கள்.

அங்கிருந்து தொடரும் 1.3 கிலோமீட்டர் வனநடைபாதை இன்னும் நல்ல பாடம். காட்டுச் சரிவைச் சமப்படுத்தாமல், ஒல்லியான தூண்கள்மேல் பாதை மிதந்து போகிறது. தூண்கள் இடத்துக்கு இடம் நெட்டை, குட்டை. பாதையோ சக்கர நாற்காலி போகும் அளவுக்கு மென்மையான சாய்வு. தளம் சல்லடைபோல் துளையுள்ள இரும்புத் தட்டு. வெயிலும் மழையும் அதன் வழியாக இறங்குவதால் அடியில் செடிகள் உயிரோடு இருக்கின்றன, வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது, சரிவு அரிக்கவில்லை.

அனுமதியும் கேள்விகளும்

சொந்த வீடுதானே என்று தொடங்கிவிட முடியாது. தரைமட்டத்தை உயர்த்துவது, தடுப்புச்சுவர் எழுப்புவது போன்றவற்றுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகள் உண்டு. தூண், உத்திரம் என்று வரும்போது கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகள் உண்டு. அடியில் கழிவுநீர்க் குழாய் போனால் பொதுப் பயனீட்டுக் கழகத்தைக் கேட்காமல் குழி தோண்டக்கூடாது. மேடை உயரமாக இருந்தாலோ, சரிவு செங்குத்தாக இருந்தாலோ, மண் மென்மையாக இருந்தாலோ, தகுதிபெற்ற பொறியாளரை அமர்த்துங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் பலகைக்குக் கொடுக்கும் பணத்தைவிட முக்கியமானது.

குத்தகைக்காரரிடம் விலை கேட்கும்போது, எந்த மரம், என்ன நிறம் என்பதோடு நிறுத்தாதீர்கள். குழி எவ்வளவு ஆழம்? அடித்தளம் எவ்வளவு அகலம்? நடுத்தூண் எவ்வளவு எடைக்கு? நீர் எந்தப் பக்கம் வடியும்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வேலைக்கு வருபவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிமார் இருக்கக்கூடும். ரசமட்டமும் தூக்குக்குண்டும் அவர்களுக்குப் பழகியவை. "தம்பி, குழியில் கெட்டி மண் வந்துவிட்டதா?" என்று தமிழிலேயே கேளுங்கள். வரைபடம் சொல்லாததைக் குழிக்குள் நிற்பவர் சொல்வார். அவர் "இன்னும் வரவில்லை அண்ணே" என்றால், அன்றைக்குக் கான்கிரீட் ஊற்ற அவசரப்படுத்தாதீர்கள்.

இதெல்லாம் தரைவீட்டுக்காரர்களுக்குத்தானே என்று அடுக்குமாடி வாசிகள் நினைக்க வேண்டாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் தரை ஓடும் அதன் அடியில் உள்ள சிமெண்ட் பூச்சும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருப்பதும் எடைக் கணக்கினால்தான். 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் இணைந்து, புளோக்குக்குக் கீழே வெண்டையும் கீரையும் வளர்க்கும் குடியிருப்பாளர்கள் நிறைய. அங்கே ஓர் அமர்வு மேடை வேண்டுமென்றால், முதலில் நகர மன்றத்தின் அனுமதி. பிறகு இதே மூன்று கேள்விகள்: எடை, மண், நீர்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை

மேடை போட்டு முடித்ததோடு பொறுப்பு முடிவதில்லை. கட்டடங்களுக்குச் சட்டம் சோதனை வைத்திருப்பதுபோல், மேடைக்கு வீட்டுக்காரரே சோதனை வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பெருமழைக் காலம் முடிந்ததும் ஒருதடவை, தீபாவளிக்கு முன் ஒருதடவை. டார்ச் விளக்கோடு அடியில் குனிந்து பாருங்கள். கான்கிரீட்டைச் சுற்றி மண் அரித்திருக்கிறதா? தூணில் மண்பாதை ஏறியிருக்கிறதா? போல்ட் துருப்பிடித்திருக்கிறதா? ஸ்குரூ டிரைவரால் உத்திரத்தைக் குத்திப் பாருங்கள்; முனை சுலபமாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. மேலே ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். போன முறை நடுவில் நின்ற குமிழி இந்த முறை ஓரத்துக்குப் போயிருந்தால் ஏதோ ஒரு தூண் இறங்குகிறது. காரணம் தெரிந்து சரிசெய்யும்வரை யாரையும் மேடையில் ஏற்றாதீர்கள். ஓவன் சாலை முனையிலும் தூண்கள் முன்கூட்டியே விரிசலால் சொல்லின. கேட்டுச் செயல்பட நேரம் கிடைக்கவில்லை.

விருந்துக்கு வருபவர் மேடைக்கு அடியில் குனிந்து பார்க்கமாட்டார். வீட்டுக்காரர் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். மேடை போட நினைப்பவர்கள், பலகையின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு மண்வெட்டியை எடுத்து மூன்று குழி தோண்டிப் பாருங்கள். ஏற்கெனவே மேடை இருக்கிறவர்கள், இந்த வாரமே ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கீழே குனியுங்கள்.